தானே திறந்துகொண்ட டிக்கி

எங்கள் அத்தாவின் டாக்சியில் டிக்கி தானாகத் திறந்துகொள்ள ஆரம்பித்தபோது நான் பி.யூ.சி. முடித்துவிட்டு, ஆசிரியர் பயிற்சிக்கு இடம் கிடைக்குமா என்று காத்திருந்தேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுதாகப் பார்த்த முதல் ஆள் நான்தான். அதில் எனக்குப் பெருமை. தெருவில் நடக்கும்போதுகூட அது தெரிகிறது என்பாள் அம்மா. தெரியட்டுமே.

அப்பாவை நாங்கள் அத்தா என்றுதான் கூப்பிடுவோம். அவருக்கு வருமானம் பெரும்பாலும் ஒரே இடத்திலிருந்துதான். மாமல்லபுரத்தில் கடலைப் பார்த்தாற்போல் ஒரு ஓட்டல். தெற்கேயிருந்து ரயிலில் வந்து எங்கள் ஊர் செங்கல்பட்டு ஜங்ஷனில் இறங்கும் விருந்தாளிகளை அத்தா அங்கே கொண்டுபோய் விடுவார். ஊர் திரும்புகிறவர்களை அங்கிருந்து ஸ்டேஷனுக்குக் கூட்டி வருவார். வேறு சவாரி வந்தால் உண்டு, வராவிட்டால் இல்லை.

டிக்கி முதல் தடவை திறந்தது திருக்கழுக்குன்றம் தாண்டி, ஒரு சின்னப் பாலத்தில் வண்டி குலுங்கியபோது. வெள்ளைக்கார அம்மா ஒருவரின் பெட்டி கீழே விழுந்து, பூட்டு தெறித்து, துணியெல்லாம் ரோட்டில். நாற்று நட்டுக்கொண்டிருந்த பெண்கள் சேற்றுக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு மேலே ஏறி வந்து, ஒவ்வொன்றாக எடுத்து உதறி மடித்துக் கொடுத்தார்களாம். அந்த அம்மா சிரித்துவிட்டார். ஓட்டல் மேனேஜர் சிரிக்கவில்லை.

அக்காவின் கணவர் ஜி.எஸ்.டி. ரோட்டில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் மெக்கானிக். மச்சான் புது லாக் போட்டார். திறந்தது. ஸ்பிரிங்கை மாற்றினார். அதற்கும் திறந்தது. கடைசியில் அத்தா கயிறு போட்டுக் கட்டிக்கொண்டு போனார். மேனேஜர் வாசலிலேயே பிடித்துக்கொண்டார்.

"இன்னா பாய், டாக்சி ஓட்றியா, வைக்கோல் வண்டி ஓட்றியா? கயிறெல்லாம் இங்க ஆவாது. இன்னொரு வாட்டி அது தொறந்துகிச்சுன்னா வேற டாக்சிக்குச் சொல்லிடுவேன்."

இதை அத்தா எங்களிடம் சொன்னபோது யார் முகத்தையும் பார்க்கவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை, ஜும்மா தொழுகை முடிந்து வந்து சாப்பிட்டதும், மச்சான் சட்டையைக் கழற்றி வேப்பமரத்தில் மாட்டிவிட்டு டிக்கிக்குள் தலையை விட்டார். நான் போய்ப் பக்கத்தில் நின்றேன்.

"லாக்கு புதுசு. ஸ்பிரிங்கு புதுசு. இதுக்கு மேல நான் இன்னா பண்றது மாமா? ஜின்னுதான் புட்சிகினு கீது இந்த வண்டிய."

"மூடின அப்புறம் கொக்கி எது வரைக்கும் உள்ள போவுதுன்னு பாத்தீங்களா மச்சான்?" என்றேன்.

"வந்துட்டாங்கப்பா காலேஜு! ஏம்மா, உங்க புஸ்தகத்துல டிக்கின்னு ஒரு பாடம் கீதா?"

"பாடம் இல்ல. எனக்குக் கண்ணு கீது."

"எனக்கு மட்டும் இல்லியா? மூடின டிக்கிக்குள்ள எப்டிப் பாக்கறது? உள்ள குந்திகினா?"

"அவ இன்னாதான் சொல்றா, கேளேன் மாப்ளே" என்றார் அத்தா.

எங்கள் வீட்டுக் கொல்லைக் கதவு இடித்துக்கொண்டிருந்தபோது, ஆசாரி அதன் ஓரத்தில் கரியைத் தேய்த்து மூடிப் பார்த்தது எனக்கு ஞாபகம் இருந்தது. கரி எங்கே ஒட்டுகிறதோ அங்கே இடிக்கிறது என்று அர்த்தம். இங்கேயும் அதைத்தான் செய்ய நினைத்தேன். கரி இரும்பில் நிற்காது. உள்ளே போய் அக்காவின் மை டப்பாவை எடுத்து வந்தேன்.

"அடியே, அது நான் வெளக்கெண்ணெ வுட்டு எறக்கின மையிடி! காருக்கா வைக்கிற?" என்று அக்கா பின்னாலேயே நிலைப்படி வரைக்கும் வந்துவிட்டாள்.

கொக்கியையும் அது மாட்டிக்கொள்ளும் தகட்டையும் துணியால் சுத்தமாகத் துடைத்தேன். கொக்கி முழுக்க மையைத் தடவினேன். அத்தா டிக்கியை மூடிப் பூட்டினார். பிறகு சாவி போட்டுத் திறந்தார். மூன்று பேரும் குனிந்து பார்த்தோம். தகட்டின் விளிம்பில், நகத்தை வெட்டிப் போட்டதுபோல் ஒரு மெல்லிய கறுப்புக் கோடு. அவ்வளவுதான். பூட்டு பூட்டிக்கொண்டுதான் இருந்தது, ஆனால் நுனியில் தொங்கிக்கொண்டிருந்தது. ஒரு பள்ளம் போதும், வழுக்கிவிட.

"மூடியை ஏதோ கீழ எறங்க வுடாம தூக்குது" என்றேன். "எப்போலேருந்து அத்தா இது தொறக்குது?"

"அது... தூசிக்கு ரப்பரு ஒட்டினோமே, அதுக்கு அப்புறம்தான்..." என்று ஆரம்பித்த அத்தா, மருமகனைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

செம்மண் தூசி பெட்டியெல்லாம் படிகிறது என்று விருந்தாளிகள் குறைப்பட்டதால், மச்சான்தான் லாரி டியூபை வெட்டி, டிக்கி விளிம்பைச் சுற்றி இரண்டு மடிப்பாக ஒட்டியிருந்தார். அதற்குப் பிறகு ஒரு பொட்டுத் தூசி உள்ளே போகவில்லை. அந்த மேனேஜரே பாராட்டினார். பாராட்டு வாங்கிய ரப்பரை யார் சந்தேகப்படுவார்கள்?

மச்சான் கட்டைவிரலால் ரப்பரை அழுத்திப் பார்த்தார். எனக்கு வாய் துறுதுறுத்தது. நிலைப்படியில் அக்கா நின்றுகொண்டிருந்தாள். அடக்கிக்கொண்டேன்.

"பூட்டைப் பாத்துகினே இருந்தேனே" என்றார் அவர், தனக்குத்தானே. பிறகு பிளேடு கேட்டார்.

நானாக இருந்தால் மொத்த ரப்பரையும் பிய்த்து எறிந்திருப்பேன். அவர் அப்படிச் செய்யவில்லை. லாக் இருக்கும் இடத்தில் மட்டும், இந்தப் பக்கம் ஒரு சாண், அந்தப் பக்கம் ஒரு சாண், மேல் மடிப்பை உரித்தார். உரித்த முனைகளைச் சரிவாகச் சீவி, படியவைத்து ஒட்டினார். மறுபடி மை வைத்து மூடித் திறந்தோம். இந்தத் தடவை தகடு முழுக்கக் கறுப்பு.

பெட்டிகளுக்குப் பதில் இரண்டு மூட்டை அரிசியை டிக்கியில் ஏற்றிக்கொண்டு, வெயில் தாழ்ந்ததும் கிளம்பினோம். மச்சான் பின் சீட்டில் மண்டி போட்டுப் பின்கண்ணாடி வழியாகவே பார்த்துக்கொண்டு வந்தார். பாலம் வந்தது. அத்தா வேகத்தைக் குறைக்கவில்லை. வண்டி தூக்கிப் போட்டது. மச்சானின் தலை கூரையில் இடித்தது. டிக்கி அசையவில்லை.

"இன்னொரு வாட்டி போ மாமா."

"உன் தலைக்கா, டிக்கிக்கா?" என்றார் அத்தா. ஆனாலும் திருப்பி ஓட்டினார். இரண்டாம் தடவையும் திறக்கவில்லை. அப்படியே மாமல்லபுரம் வரைக்கும் போய்விட்டோம்.

மேனேஜர் வெளியே வந்து, அத்தா திறந்து காட்டிய டிக்கியை மூடினார். மேலே கையை வைத்து உலுக்கினார், ஒரு குத்து விட்டார்.

"யார் பாத்தது பாய்?"

"எங்க வூட்டு ஆளுங்கதான் சார்."

எனக்குச் சுருக்கென்றது. வூட்டு ஆளுங்களாம். மச்சான்தான் முன்னால் வந்தார்.

"இந்தப் பொண்ணுதான் சார். டிக்கிக்குக் கண்ணு மை வச்சி வுட்டுது. பொண்ணு பாக்கற மாதிரி ஆளாளுக்குக் குனிஞ்சி குனிஞ்சிப் பாத்தோம்."

மேனேஜர் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன். "காலைல மதுரை வண்டில நாலு பேர் வராங்க. நீயே போய்க் கூட்டிட்டு வந்துடு பாய்" என்றார்.

வரும் வழியெல்லாம் மச்சான் அந்த ரப்பரைப் பற்றியே பேசினார். எங்கே எவ்வளவு உரிக்க வேண்டும், ஏன் சரிவாகச் சீவ வேண்டும் என்று எனக்கே பாடம் நடத்தினார். பேசட்டும் என்று விட்டுவிட்டேன். நான் அத்தாவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தச் சில வாரங்களாக அவர் முன்னால் பார்த்ததைவிட, தலைக்கு மேலிருந்த கண்ணாடியில் பின்னால் பார்த்ததுதான் அதிகம். அன்று செங்கல்பட்டு ஏரி தெரிகிற வரைக்கும் ஒரு தடவைகூட அதன் பக்கம் கண்ணை ஓட்டவில்லை.