டிரம்முக்கு ஒரு பனியன்

அம்பத்தூர் எஸ்டேட்டில் இரும்புத் தகடு வெட்டும் ஒரு பிரஸ் ஷாப்பில் நான் சூப்பர்வைசர். வெட்டிய வாஷர்கள் தகர டிரம்மில் கொட்டும் சத்தத்தில் பக்கத்து ஆளைக் கூப்பிட்டாலும் கேட்காது. அதனால் ஒரு நட்டை எடுத்து முதுகில் எறிவோம், ஆள் திரும்புவார். அதுதான் எங்கள் வழக்கம்.

ஒருநாள் பிரஸ் ஓட்டிக்கொண்டிருந்த ஏழுமலையை அப்படித்தான் கூப்பிட்டேன். நட்டு கழுத்தில் பட்டுத் திடுக்கிட்டுத் திரும்பியவரின் கை அச்சுக்குள் போய்விட்டது. நல்லவேளை, பிரஸ் இறங்குவதற்குள் இழுத்துக்கொண்டார். கையுறையின் நுனி மட்டும் நசுங்கியது.

மறுநாளே வானகரத்தில் ஒரு பஞ்சர் கடையிலிருந்து பழைய லாரி டியூப்களை வாங்கி வந்து, டிரம்களுக்குள் ரப்பர் ஒட்டினேன்.

"இன்னா சார், டிரம்முக்கு பனியன் போடுறீங்கோ?" என்று எல்லோரும் கேலி செய்தார்கள்.

பிரஸ் ஓடியது. அதன் தட்டல் இருந்தது. காதைப் பிளக்கும் அந்தச் சடசடப்பு இல்லை. கேட்காதோ என்ற பயத்தில், "ஏழுமலை!" என்று தொண்டை கிழியக் கத்தினேன்.

அவர் மெஷினை நிறுத்திவிட்டு நிதானமாகத் திரும்பினார். "இன்னாத்துக்கு சார் இப்டி கத்துறீங்கோ? நான் இன்னா செவுடனா?"

ஷாப்பே சிரித்தது. அந்தச் சிரிப்பு எனக்குத் தெளிவாகக் கேட்டது!

இப்போது யாரையும் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறேன். நட்டுகள் எல்லாம் போல்ட்டில்தான் இருக்கின்றன.