அச்சாறைத் தேடி வந்தவர்கள்

சென்ற வாரம் அலுவலகத்தில் இணையவழிக் கூட்டம். என் ஹெட்போன் பழுதாகிக் கிடந்ததால் பக்கத்து மேசைக்காரர் தன்னுடையதைத் தந்தார். காதில் மாட்டியதும் தேங்காயெண்ணெய் மணம். திரையில் மேலதிகாரி முன்னேற்றம் பற்றி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். அப்படி ஒன்று இருந்ததாகப் பிறகு கேள்விப்பட்டேன். நான் அந்நேரம் கண்டியில், திருகோணமலை வீதியில், ஒரு தையற்கடையின் மேல்மாடியில் இருந்தேன்.

அங்கே ஒரு நெட் கபே இருந்தது. ஒட்டுப்பலகைத் தடுப்புகள், அவற்றுக்குள் பெருத்த வயிறுள்ள பழைய மொனிட்டர்கள், காற்றைவிடச் சத்தத்தைத் தாராளமாகத் தரும் ஒரு மின்விசிறி. ஹெட்போன்களின் பஞ்சு உறைகள் எல்லோருடைய தலையையும் அறிந்தவை. காலையில் பள்ளிக்கூடத்துக்குப் போகாத பிள்ளைகளின் ஜெல், மத்தியானம் வெளிநாட்டிலிருக்கும் கணவனோடு பேச வரும் பெண்களின் தேங்காயெண்ணெய், மாலையில் பேராதனை மாணவர்களின் பொடுகு மருந்து. இன நல்லிணக்கத்துக்காக அந்நாட்களில் ஹோட்டல்களில் நிறையக் கருத்தரங்குகள் நடந்தன. நானறிய அது உண்மையாகவே நடந்தேறிய இடம் அந்தப் பஞ்சு உறைதான்.

நான் யாழ்ப்பாணத்தான். பேராதனையில் ஓர் அரச அலுவலகத்தில் வேலை கிடைத்து, கண்டியில் அறையெடுத்துத் தங்கியிருந்தேன். வடக்கே போர் உச்சத்தில் இருந்தது. தெற்கே பஸ்களில் குண்டு வெடித்தது. ஞாயிற்றுக்கிழமை அறையில் இருந்தால் செய்தி கேட்க வேண்டும், செய்தி கேட்டால் அம்மாவை நினைக்க வேண்டும், அம்மாவுக்கு போன் எடுத்தால் லைன் கிடைக்காது. ஆகவே ஊரில் நடக்கும் சண்டை போதாதென்று நான் காசு கட்டிச் சண்டை பிடிக்கப் போனேன். சிரிக்காதீர்கள், அந்த வயதில் நீங்களும் போயிருப்பீர்கள்.

விளையாட்டு எளிமையானது. ஒரு பக்கம் குண்டு வைக்கும். மறுபக்கம் பொலிஸ், அதை அணைக்கும். நான் ஒருநாளும் பொலிஸ் பக்கத்தை விட்டுக்கொடுத்ததில்லை. நாளைக்கு யாராவது கேட்டால் நான் எப்போதும் சட்டத்தின் பக்கம்தான் என்று சொல்லலாம் அல்லவா? விளையாட்டில்கூட முன்ஜாக்கிரதையாக இருந்த ஆள் நான்.

உள்ளே நுழையும்போது ஒரு பெயரைத் தட்டச் சொல்லும். என் சொந்தப் பெயரைத் தட்டினால் பிறந்த ஊர், கும்பிடும் சாமி எல்லாம் முதல் மூன்று எழுத்திலேயே வெளியே வந்துவிடும். மார்க்கெட் வாசலில் மிளகாய்த்தூள் பிரட்டி விற்கும் மாங்காயை நினைத்துக்கொண்டு 'அச்சாறு' என்று தட்டினேன். எல்லா இனத்தாரும் ஆசையாகத் தின்கிற, எல்லா இனத்தாருக்கும் வயிற்றைக் கலக்குகிற பண்டம் அது.

என்னோடு தவறாமல் விளையாடியவர்கள் இரண்டு பேர். ஒருவன் 'கொத்து'. இரவுக் கடைகளில் தகரத்தில் தட்டிக் கொத்தும் ரொட்டியின் பெயர். அவனுடைய குரலும் கிட்டத்தட்ட அந்தச் சத்தம்தான். எப்போதும் குண்டு வைக்கும் பக்கம். மற்றவர் 'டொக்டர்', என்னோடு பொலிஸில் இருப்பவர். இருவரும் வேறு எங்கிருந்தோ விளையாடினார்கள். நான் முகம் கண்டதில்லை, பெயர் கேட்டதில்லை, அவர்களும் கேட்டதில்லை. எங்கள் பொதுமொழி சிங்களம். கொத்தினுடையது வீட்டுச் சிங்களம். என்னுடையது பஸ் கண்டக்டர்களிடம் கற்றது. டொக்டருடையது என்னுடையதைவிட ஒரு வகுப்பு மேல்.

கொத்து வாயைத் திறந்தால் வசவுதான். 'ஹரகா' என்றால் மாடு, 'மீ ஹரகா' என்றால் எருமை. சாதாரண நாட்களில் நான் மாடு. குண்டை அணைக்கப் பிந்தினால் எருமை. ஒருமுறை விளையாட்டுச் சந்தைக்குள் ஏதோ அசைகிறதே என்று துவக்கிலிருந்த குண்டு முழுவதையும் தீர்த்துவிட்டுப் பார்த்தேன், கோழி. அதற்கும் ஒன்றும் ஆகவில்லை. கொத்து அதை மாதக்கணக்கில் சொல்லிச் சொல்லிச் சிரித்தான். நானும் சும்மா இருக்கவில்லை, அவனுடைய பரம்பரையில் உள்ள எல்லா விலங்குகளையும் என் கண்டக்டர் சிங்களத்தில் வரிசையாகக் கூப்பிட்டேன்.

உங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அந்த வருடங்களில் எல்லோரும் என்னை மரியாதையாகவே நடத்தினார்கள். சோதனைச் சாவடியில் 'மஹத்தயா, அடையாள அட்டை' என்பார்கள். அலுவலகத்தில் நான் வந்தால் பேச்சை மாற்றி மழையைப் பற்றிப் பேசுவார்கள். அந்த மரியாதைக்குள் ஒரு வாரம் இருந்துவிட்டு, ஞாயிறு மத்தியானம் ஒருவன் நெஞ்சு நிறைய 'மீ ஹரகா!' என்று கத்தும்போது எனக்கு வந்த சந்தோஷம் பெரிய சந்தோஷம். அதற்காகத்தான் போனேன். சுடுவதற்காக அல்ல.

அந்த ஞாயிறு கொத்து சந்தைக்குள் குண்டை வைத்துவிட்டான். கண்டுபிடித்தவன் நான். டொக்டர் எங்கோ தூரத்தில். நான் உற்சாகத்தில் எழுந்து நின்றே கத்தினேன்: "போம்பே மெத்தன! மாக்கட் எகே! இக்மனட்ட வரெங்!" குண்டு இங்கேதான், மார்க்கெட்டில், சீக்கிரம் வாடா என்று அர்த்தம். மேல்மாடி யன்னல் திறந்திருந்தது. கீழே தையற்கடையில் அளவு கொடுத்துக்கொண்டிருந்தவர் அளவுநாடா கழுத்தில் கிடக்க வீதியில் ஓடியதாகப் பிறகு சொன்னார்கள். அவரைக் குற்றம் சொல்ல முடியாது. கண்டி மார்க்கெட் நடக்கிற தூரத்தில்தான் இருந்தது.

நான் குண்டை அணைத்துக்கொண்டிருக்கும்போதே பொலிஸ் வந்துவிட்டது. உண்மையான பொலிஸ். அடையாள அட்டையைப் பார்த்தார்கள். பிறந்த இடத்தைப் பார்த்தார்கள். பிறகு என்னைப் பார்த்தார்கள். ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டுப் போனேன். அதற்குள்ளிருந்து கொத்து, "ஏன்டா மாடு மாதிரி நிக்கிறாய், அசையடா!" என்று கத்திக்கொண்டிருந்தது கதவு வரைக்கும் கேட்டது.

பொலிஸ் நிலையத்தில் ஒரு நீள வாங்கு. அதில் ஏற்கெனவே இரண்டு தமிழ்ப் பையன்கள். பொறுப்பதிகாரி கத்தவில்லை, அடிக்கவில்லை. மாலைக்குள் தெரிந்தவர் யாராவது வந்து பொறுப்பெடுக்காவிட்டால் கொழும்புக்கு அனுப்ப வேண்டியிருக்கும் என்று சாந்தமாகச் சொன்னார். கொழும்புக்குப் போனவர்கள் திரும்பி வர எடுத்த காலம் எங்களுக்கெல்லாம் தெரியும். என்னைத் தெரிந்தவர்களுக்கு போன் போனது. வீட்டுக்கார ஐயா, "நல்ல புள்ளதான் சேர், ஆனா எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க" என்றார். அலுவலகத்துப் பெரியவர் பயணத்தில் இருந்தார். அவரே போனை எடுத்து அப்படிச் சொன்னார்.

பின்னேரம் வாசலில் ஒரு குரல். "அச்சாறைப் பாக்க வந்தம்."

காவலுக்கு நின்றவர், இங்கே விற்பதில்லை என்றார்.

வந்தது கொத்து. ஒடிசலான, மூக்குக்கண்ணாடி போட்ட பையன். அந்தக் குரல் எப்படி அந்த உடம்புக்குள் இருந்ததோ தெரியாது. கடுகண்ணாவையிலிருந்து பஸ் பிடித்து வந்திருந்தான். கூட வந்தவர் டொக்டர், ஆஸ்பத்திரி வீதியில் மருந்துக்கடை ஒன்றில் வேலை செய்பவர். நெட் கபே முதலாளி, நாங்கள் நானா என்று கூப்பிடும் முஸ்லிம் பெரியவர், எனது ஹெட்போனை எடுத்து விஷயத்தைச் சொல்ல, இருவரும் உடனேயே கிளம்பியிருக்கிறார்கள்.

பொறுப்பதிகாரி கேட்டார், அந்த ஆளின் பெயர் என்ன? தெரியாது. ஊர்? தெரியாது. எவ்வளவு காலமாகப் பழக்கம்? ஒரு வருடத்துக்கு மேல். ஆள் எப்படி இருப்பான்? கண்டதில்லை. அவர் பேனாவை வைத்துவிட்டார். "சொந்தப் பெயர் இல்லை, அச்சாறு, கொத்து, டொக்டர். இயக்கத்திலதானே இப்படிப் பெயர் வைக்கிறது?"

அந்த நேரம் பார்த்து நானா ஓட்டோவில் வந்து இறங்கினார். கையில் என் கணினியின் பெட்டி, தொங்கும் வயர்களோடு. சாட்சிக்குக் கொண்டு வந்திருக்கிறார். "சேர், அந்தக் குண்டு இதுக்குள்ளதான் ஈக்கி!" என்று மூச்சு வாங்கச் சிங்களமும் தமிழுமாகச் சொன்னார். காவலுக்கு நின்றவர் சுவருக்குப் பின்னால் போய்விட்டார். நானாவை உள்ளே விடுவதா அல்லது வாங்கில் எங்களுக்குப் பக்கத்தில் இருத்துவதா என்று தீர்மானிக்கக் கொஞ்ச நேரம் எடுத்தது.

கடைசியில் பொறுப்பதிகாரி வாங்கிலிருந்த எங்கள் மூவரையும் வரிசையாக நிறுத்தி, "இதில யார் உன்ட அச்சாறு?" என்றார் கொத்திடம். அவன் மாறி மாறிப் பார்த்தான். குரலைக் கேட்டால் சொல்வேன் என்றான். என்னைப் பேசச் சொன்னார்கள். நான் வாழ்நாளில் பேசாத சுத்தமான சிங்களத்தில், கையைக் கட்டிக்கொண்டு, "ஐயா, நான் ஒரு குற்றமும் செய்யவில்லை" என்றேன். கொத்து தலையை ஆட்டினான்.

"இது இல்ல சேர். அவன் இப்படி மரியாதையாப் பேச மாட்டான்."

கொழும்பு கண்ணுக்குள் வந்தது, அம்மா வந்தார். அப்போது டொக்டர் கொத்தின் காதில் ஏதோ சொன்னார். கொத்து கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு சத்தமாக, "ஒரு கோழிக்குத் துவக்கைக் காலி பண்ணின எருமை யாரு?" என்றான்.

நான் யோசிக்கவேயில்லை. "கோழிக்குப் பின்னால ஒளிச்சு நின்டது நீதானே, மீ ஹரகா!" என்று கண்டக்டர் சிங்களத்தில் கத்திவிட்டேன். கொத்து இரண்டு கையையும் தூக்கினான். "இவன்தான் சேர்! இவன்தான்!"

பொறுப்பதிகாரி வாயைப் பொத்திக்கொண்டார். நானா பெட்டியை நிலையத்து மொனிட்டர் ஒன்றில் இணைத்து விளையாட்டைக் காட்டினார். அதிகாரியும் ஒரு தரம் முயன்று மதிலிலிருந்து விழுந்து செத்தார். பிறகு மூவரின் பொறுப்பில் என்னை விட்டார். அதற்கு முன் எல்லோருடைய அடையாள அட்டைகளையும் வாங்கி, பெயர், பிறந்த இடம், முகவரி எல்லாம் சத்தமாக வாசித்தார். அந்த வாங்கிலிருந்த மற்ற இரண்டு பையன்களையும் தேடி யாரும் வரவில்லை. அவர்களுக்கு என்ன ஆனதென்று எனக்குத் தெரியாது. இதைச் சிரித்துச் சிரித்துச் சொல்லும்போதெல்லாம் இந்த இடத்தில் எனக்குக் குரல் இறங்கிவிடும்.

எதிர்த் தேநீர்க்கடையில் பிளேன் டீ குடித்தோம். டொக்டர் ஹுன்னஸ்கிரியத் தோட்டத்துத் தமிழர் என்பது எனக்கு அடையாள அட்டை வாசித்தபோதுதான் தெரியும். அவர் தலையில் கைவைத்துக்கொண்டார்.

"ஒரு வருசமா சிங்களத்துல என் உசிர வாங்கிட்டீங்களே! தமிழ்ல ஒரு வார்த்த, 'பின்னால பாரு'ன்னு சொல்லியிருந்தா எத்தன தடவ தப்பிச்சிருப்பேன்!"

"நீங்கள் தமிழெண்டு எனக்கு என்னெண்டு தெரியும்? நான் உங்களை மாத்தளைச் சிங்களவர் எண்டெல்லோ நினைச்சனான்."

இருவரும் சிரித்தோம். கொத்து சிரிக்கவில்லை. கோப்பையைச் சுற்றிக்கொண்டே, "அம்மா அங்கயா இருக்கிறாங்க? யாழ்ப்பாணத்தில?" என்று கேட்டான். ஓம் என்றேன். "என்ட அண்ணனும் அந்தப் பக்கம்தான். ஆமியில" என்றான். அவன் என்னிடம் மெதுவாகப் பேசியது அதுதான் முதல் தடவை.

அடுத்த ஞாயிறு போனேன். நானா யன்னலுக்கு ஆணி அடித்திருந்தார். அதே பெயர்கள், அதே சந்தை, அதே கோழி. ஆனால் நான் செத்தபோது கொத்து, "மன்னிச்சுக்கொள்ளு மச்சான்" என்றான். குண்டை அணைக்கப் பிந்தினேன். எருமை வரவில்லை, மாடும் வரவில்லை. "பரவாயில்ல, நல்லா முயற்சி செய்தாய்" என்றான், பள்ளிக்கூட வாத்தியார் மாதிரி. பிறகு ஒரு சந்தில் இருவரும் நேருக்கு நேர் வந்துவிட்டோம். அவன் துவக்கு என் முகத்துக்கு நேரே. நான் காத்திருந்தேன். அவன் சுடவில்லை. கொஞ்ச நேரம் நின்றான், திரும்பிப் போனான். 'சுடடா ஹரகா' என்று தட்டினேன். 'கமக் நே மச்சான்' என்று பதில் வந்தது. பரவாயில்லையாம்.

எனக்கு அழுகை வந்தது. உண்மையாகத்தான் சொல்கிறேன். ஒரு விளையாட்டில் ஒருவன் என்னைக் கொல்லவில்லை என்பதற்காக, முன்பின் தெரியாதவர்கள் எண்ணெய் பூசிய ஹெட்போனை மாட்டிக்கொண்டு, கண்ணைத் துடைத்தேன். இன்னும் சில ஞாயிறுகள் போனேன். அதன்பின் மூவரும் ஆளுக்கொரு காரணம் சொல்லி நின்றுவிட்டோம்.

போர் முடிந்தது. கொத்தின் அண்ணன் உயிரோடு திரும்பினார், அம்மாவும் இருந்தார். சோதனைச் சாவடிகள் போயின, போனது நல்லது. நெட் கபே இருந்த இடத்தில் இப்போது போன் உறை விற்கிறார்கள். டொக்டர் கட்டாரில். கொத்து தைப்பொங்கலுக்குத் தவறாமல் பானைப் படத்தோடு தமிழ் எழுத்திலேயே வாழ்த்து அனுப்புகிறான். நான் சித்திரைப் புத்தாண்டுக்குச் சிங்கள எழுத்தில் அனுப்புகிறேன். நாங்கள் நல்ல நண்பர்கள் என்று யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

போன மாதம் கடுகண்ணாவை வழியாக வரும்போது அவனுடைய ஹாட்வெயார் கடையில் இறங்கினேன். ஓடி வந்து கதிரையைத் துடைத்துப் போட்டான். உட்காரப் போனவன் வழியில் திறந்திருந்த பெயின்ற் வாளியைத் தட்டிவிட்டேன். கால் தடுக்கியதா, காலே போய்த் தட்டியதா என்று என்னைக் கேட்காதீர்கள். வெள்ளைப் பெயின்ற் கடை முழுக்க ஓடி, சீமெந்து மூட்டைகளின் அடிவரை போனது. நான் அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இப்போதாவது வரும் என்று.

"பரவாயில்ல சகோதரயா, பரவாயில்ல. உங்கட சப்பாத்தில பட்டதா?" என்றான். பிறகு உள்பக்கம் திரும்பி, கடை அதிரக் கத்தினான்: "எந்த மீ ஹரகாடா இதை வழியில வச்சது?"

நரைத்த தலையோடு ஒரு வேலையாள் துணியும் கையுமாக வந்து, கண்ணில்லாமல் கடை நடத்தும் முதலாளியைப் பற்றி ஏதோ திருப்பிச் சொன்னார். இருவரும் ஒருவரையொருவர் திட்டிக்கொண்டே, சிரித்துக்கொண்டே, குந்தியிருந்து தரையைத் துடைத்தார்கள். நான் உதவிக்குக் குனிந்தேன், விடவில்லை. கதிரையில் இருத்தி, கையில் தேநீரைத் தந்து, மரியாதையாக வைத்திருந்தார்கள்.