ஆறு மணிக்கு மேல் வினிதா

மறைமலை நகரில் கார் உதிரிபாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் வினிதா டிசைன் எஞ்சினியர். வாரத்தில் இரண்டு நாள் தாம்பரத்தில் ரயிலேறி அலுவலகம் போவாள். மற்ற மூன்று நாளும் மாடம்பாக்கம் வீட்டின் சாப்பாட்டு மேசைதான் அலுவலகம். மணி ஆறானதும் கம்பெனி லேப்டாப்பை மூடிவிட்டுத் தன் சொந்த லேப்டாப்பைத் திறப்பாள். அதற்குப் பிறகு அவள் வரைவதெல்லாம் சமையலறைகள்.

தொடங்கியது அவள் வீட்டிலேயேதான். தச்சர் சவுரிமுத்து மாட்டிய அலமாரிக் கதவு ஃப்ரிட்ஜில் இடித்துப் பாதிதான் திறந்தது. வினிதா அரை மணி நேரத்தில் மில்லிமீட்டர் சுத்தமாக ஒரு படம் போட்டுக் கொடுத்தாள். சவுரிமுத்து அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "தங்கச்சி, இத்தமாரி போட்டுக் குடுத்தா நான் இந்த ஏரியாவையே வளைச்சிடுவேன்" என்றார். இரண்டு வருடத்தில் ராஜகீழ்ப்பாக்கம் முதல் பெருங்களத்தூர் வரை பதினேழு சமையலறைகள். கம்பெனிக்கு மட்டும் அவள் சொல்லவில்லை. வெளிவேலை செய்வதென்றால் எழுதிக் கொடுத்து அனுமதி வாங்க வேண்டும். மறுத்துவிட்டால் என்ன செய்வது என்று பயந்து கேட்காமலே இருந்துவிட்டாள்.

ஒரு சனிக்கிழமை காலை சவுரிமுத்து அவளைச் சேலையூரில் ஒரு வீட்டுக்கு அழைத்துப் போனார். "அந்தம்மா தங்கமானவங்க. வூட்டுக்காரருதான் கொஞ்சம் பேஜாரு. எதுக்கெடுத்தாலும் கேள்வி கேட்டுகினே கீறாரு."

கதவைத் திறந்தவர் ஜீவானந்தம். லுங்கியும் பனியனுமாக நின்றார். வினிதாவின் மேனேஜர்.

"நீங்களா?"

வினிதா கையிலிருந்த அளவு டேப்பை உயர்த்திக் காட்டினாள். "அளவெடுக்க வந்தேன் சார்."

அவர் மனைவி கீதாவுக்கு எதுவும் தெரியாது. "வாம்மா, உனக்காகத்தான் காத்துட்டிருக்கேன்" என்று கையைப் பிடித்து உள்ளே கூட்டிப் போனார். திரும்பி ஓடிவிடலாமா என்றிருந்தது வினிதாவுக்கு. ஆனால் அடுப்புக்கும் சிங்க்குக்கும் நடுவில் ஒரு தூண் மொட்டையாக நிற்பதைப் பார்த்ததும், கை தானாக டேப்பை இழுத்தது.

சிங்க்கை உள்சுவருக்கு மாற்றலாம் என்றார் ஜீவானந்தம். அலுவலகமாக இருந்தால் தலையாட்டியிருப்பாள். "வேணாம் சார். வாட்டம் கிடைக்காது, தண்ணி தேங்கி அடைச்சுக்கும்" என்று வாய் முந்திக்கொண்டது.

"நான் தலைதலையா அடிச்சுக்கிட்டேன்ல?" என்றார் கீதா கணவரிடம்.

திங்கட்கிழமை ஜீவானந்தம் அவளை அறைக்குக் கூப்பிட்டார்.

"ஆபீஸ் நேரத்துல இதப் பண்றீங்களா?"

"ஆறு மணிக்கு மேலதான் சார். கம்பெனி லேப்டாப்பத் தொட்டதே இல்ல." அதோடு நிறுத்தியிருக்கலாம். அவளால் முடியவில்லை. "போன மாசம் ரெண்டு தடவ மீட்டிங்க மியூட்ல போட்டுட்டுத் தச்சர்கிட்ட பேசினேன்."

"அதச் சொல்லாம விட்டிருக்கலாமே?"

"இத்தன நாள் சொல்லாம இருந்ததே போதும் சார்."

அவர் சிரித்துவிட்டார். "என் வீட்டு வேலையும் உங்ககிட்ட இருக்கு, நான் கையெழுத்து போட்டா நல்லாருக்காது. நேரா எச்.ஆர்.ல எழுதிக் கொடுங்க. அந்த ரெண்டு தடவையும் சேர்த்து எழுதுங்க."

எழுதினாள். இரண்டு வாரம் தினமும் மெயிலைத் திறந்து திறந்து பார்த்தாள். பிறகு பதில் வந்தது: வெளிவேலை செய்யலாம், ஆனால் இனி புதன்கிழமையும் அலுவலகம் வர வேண்டும். ஒரு நாள் சுகம் போயிற்று. முதல் புதன்கிழமை மாலை ரயிலில் உட்கார இடம் கிடைக்காமல் கம்பியைப் பிடித்து நின்றபடியே வந்தாள். வண்டலூர் தாண்டும்போது, பக்கத்தில் நின்ற பெண்ணிடம் தானாகவே, "நான் கிச்சன் டிசைன் பண்ணுவேங்க" என்று சொல்லிவிட்டாள்.

சேலையூர் வீட்டில் அலமாரி மாட்டும் நாளன்று போய்ப் பார்த்தாள். ஏணி மேல் சவுரிமுத்து. கீழே பலகையின் மறுமுனையைத் தாங்கிக்கொண்டு வியர்த்துக் கொட்ட நின்றிருந்தார் ஜீவானந்தம்.

"சார், ஆடாம புடிங்க! இன்னா சார் நீங்க, இதுகூட தெரியாதா?"

வினிதா ஓடிப்போய் நடுவில் கைகொடுத்தாள்.