பல்லடைக்க ஏன் இவ்வளவு?

போன சனிக்கிழமை தேநீரோடு, தட்டைபோல இறுகிக் கிடக்கும் பருத்தித்துறை வடை ஒன்றைக் கடித்தேன். ‘டக்’கென்று ஒரு சத்தம். கையைப் பார்த்தேன்... வடை முழுசாக இருந்தது!

உடைந்தது என் கீழ்க் கடைவாய்ப் பல்லில் ஒரு துளி.

அந்தப் பல்லில் ஒரு கறுப்புப் புள்ளி நெடுநாளாகவே இருந்தது. குளிர்ந்த தண்ணீர் பட்டால் கூசும். மற்றப் பக்கத்தால் குடித்துக்கொள்வேன். நீங்களும் அப்படித்தானே? பல் கூசினால் நாம் டொக்டரிடம் போவதில்லை — பக்கத்தை மாற்றிக்கொள்கிறோம்.

யாழ்ப்பாணம் டவுனில் உள்ள ஒரு பல் கிளினிக்குக்கு போன் எடுத்தேன். “ஒரு பல்லு அடைக்க எவ்வளவு?”

“டொக்டர் பாத்தால்தான் சொல்லுவா” என்றது ஒரு பெண்குரல்.

பக்கத்தில் இருந்த அத்தானுக்கு இது பிடிக்கவில்லை. அத்தான் என்றால் என் அக்காவின் கணவர். சுன்னாகம் சந்தையில் வெங்காய வியாபாரம். “விலை சொல்லாத இடத்துக்குத் தனியப் போகாதை மச்சான். நானும் வாறன்.”

வந்தார்.

டொக்டர் ஓர் இளம்பெண். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, எட்டாயிரம் என்றார். நோகிறவன் நான்... தலையாட்டிவிட்டேன். ஊசி போட்டார். “விறைக்கட்டும், கொஞ்ச நேரம் இருங்கோ.”

அந்த இடைவேளையில்தான் அத்தான் உள்ளே வந்தார். வெளியே இருந்த பெண்ணிடம் தொகையைக் கேட்டறிந்திருக்கிறார்.

“எட்டாயிரமோ டொக்டர்? எள்ளளவு ஓட்டைக்கோ?”

டொக்டர் கோபிக்கவில்லை. எக்ஸ்ரேயைக் காட்டினார். “மேலாலை பாக்கத்தான் எள்ளு, ஐயா. உள்ளுக்குப் பாருங்கோ. பழுதைச் சுரண்டி எடுத்தால் பல்லிலை பாதிதான் மிஞ்சும். பக்கச் சுவரையும் சேர்த்துக் கட்டவேணும்.”

“சீமெந்துதானே?”

“சீமெந்தும் இருக்கு, விலை குறைவு. ஆனால் கடிக்கிற பல்லிலை கனகாலம் நிக்காது. இது பல்லு நிறத்திலை வாற பசை. வெளிநாட்டுச் சாமான். கொஞ்சம் கொஞ்சமாப் பூசி, ஒவ்வொரு தட்டையும் லைற் அடிச்சு இறுக்கவேணும். பூசுற நேரம் எச்சில் பட்டால் கழண்டிடும்.”

“சரி... கடைசி விலையைச் சொல்லுங்கோ.”

எனக்கு அந்த நாற்காலிக்குள்ளேயே புதைந்துவிடலாம் போல இருந்தது.

டொக்டர் சிரித்தார். “நான் கொடிகாமம் ஐயா. சந்தைக்குப் பக்கத்திலைதான் வளந்தனான், பேரம் எனக்குப் புதுசில்லை. காசில்லாமல் அடைக்கவேணுமெண்டால் அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போங்கோ. விடிய வெள்ளெனப் போய் நம்பர் எடுத்தால் நல்லா அடைச்சு விடுவினம். ஆனால் நாளைக்கு, நாளைக்கு எண்டு விட்டால் நரம்பிலை பட்டிடும். பேந்து வேர் வைத்தியம்தான். அது இதைவிட எத்தினையோ மடங்கு.”

அப்போதுதான் எனக்கு விளங்கியது. என்னிடம் கேட்ட விலை ஓட்டைக்கல்ல. நான் பக்கம் மாற்றி மாற்றிக் குடித்த காலத்துக்கு!

அத்தானுக்கோ ஒரே ஒரு சொல்தான் விளங்கியிருந்தது — காசில்லாமல்.

“எழும்பு மச்சான், ஆஸ்பத்திரிக்குப் போவம்!”

அரை முகம் மரத்துப்போய்க் கிடக்கிறேன். எப்படி எழும்புவது? ‘எனக்கு இதுதான் வேணும்’ என்று சொல்லப் பார்த்தேன். உதடு ஒத்துழைக்கவில்லை. “வே... ஆ...” என்று ஏதோ வந்தது.

“பாத்தீங்களே டொக்டர், வேண்டாமாம்!”

என் தோளைப் பிடித்து இழுத்தார். நான் நாற்காலியின் கைப்பிடியை விடவில்லை. வென்றுவிட்ட மகிழ்ச்சியில் அத்தான் வாய்நிறையச் சிரித்தார் — நேரே அந்தப் பெரிய விளக்குக்குக் கீழே!

டொக்டர் விளக்கைத் திருப்பினார். “ஐயா, அப்பிடியே நில்லுங்கோ. வாயை மூடாதேங்கோ.”

எட்டிப் பார்த்தார். “இடப்பக்கத்தாலை சாப்பிடுறேல்லைத்தானே?”

அத்தானின் கை என் தோளிலிருந்து மெல்ல இறங்கியது. “ஓம்...” என்றார். சந்தையையே அதட்டும் குரல் அப்படி இறங்கி நான் கேட்டதில்லை. “குளிர் பட்டால் குத்துது டொக்டர். ஒருத்தருக்கும் சொல்லேல்லை. பிடுங்கச் சொல்லுவியளோ எண்டு பயம்.”

எனக்கு மனசு ஒரு மாதிரியாகிவிட்டது. இவ்வளவு நேரமும் ‘எவ்வளவு?’ என்று கேட்டுக்கொண்டிருந்தவர் உண்மையில் கேட்க விரும்பியது, ‘நோகுமா?’ என்பதைத்தானோ?

“பிடுங்கத் தேவையில்லை ஐயா. இப்ப எண்டால் அடைக்கலாம்.”

அத்தானுக்கு உயிர் வந்தது. கூடவே வியாபாரமும் வந்தது. “அப்ப, ரெண்டு பல்லுக்கும் சேர்த்து ஒரு விலை போடுங்கோவன்?”

“ஒரு வாயிலை ரெண்டு பல்லெண்டால் யோசிக்கலாம் ஐயா. இது ரெண்டு வாய்!”

எனக்குப் பிறகு அதே நாற்காலியில் அவர் ஏறினார். கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, என் கையைப் பிடித்தபடி. அவ்வளவு பயந்ததற்கு, ஊசி குத்தியதே தெரியவில்லையாம்.

வீட்டுக்கு வந்தபோது என் வாய் வலப்பக்கம் கோணியிருந்தது, அவர் வாய் இடப்பக்கம். வாசலிலேயே அக்கா மறித்தாள்.

“எவ்வளவு காசு எடுத்தவை?”

அத்தான் வாயைத் தொட்டு, கதைக்க ஏலாது என்று கையை விரித்தார். நானும் அப்படியே செய்தேன். அக்கா இரக்கப்பட்டுக் கஞ்சி வைக்கக் குசினிக்குள் போய்விட்டாள்.

கொடுத்த காசில் விறைப்பு ஊசிக்குப் போன பங்கைப் பற்றி மட்டும் எங்கள் இருவருக்கும் எந்தக் குறையும் இல்லை!