ஹை-லோ: ஏற்றியதும் இறக்கியதும்

வண்டியை உயர்த்திக் கொடுக்கும் தொழிலில் ஒரு சங்கடம் உண்டு: வருகிறவர்கள் எல்லாருக்கும் எத்தனை இன்ச் வேண்டும் என்று தெரியும், எதற்கு வேண்டும் என்று பாதிப் பேருக்குத் தெரியாது.

பத்தாங் பெர்ஜுந்தாயில் எனக்கு ஒரு சின்ன பெங்கல், அதாவது வண்டிப் பட்டறை, இருக்கிறது. பெயர்ப்பலகையில் ஊரின் புதுப்பெயரைத்தான் எழுதியிருக்கிறேன். வழி கேட்டுப் போன் போடுகிறவர்கள் பழைய பெயரைச் சொல்லித்தான் கேட்கிறார்கள். எஸ்டேட் செம்மண் ரோட்டில் ஓடுகிற ஃபோர்வீல் வண்டிகளுக்குக் குலுக்கலைத் தாங்கும் அப்சார்பர் மாற்றிக் கொடுப்பது என் பிழைப்பு. அதிலும் இங்கே எல்லாரும் 'ஹை-லோ' என்று சொல்கிற வகைதான் அதிகம். ஸ்பிரிங்கைத் தாங்கும் வளையத்தை மேலே திருகினால் வண்டி உயரும், கீழே திருகினால் இறங்கும். கேட்க எவ்வளவு சுலபமாக இருக்கிறது பாருங்கள்! அந்த வளையத்தால் நான் பட்ட பாட்டைக் கொஞ்சம் சொல்கிறேன். பெங்கல் நடத்துகிறவர்களும், பெங்கல் பெஞ்சில் அரை நாள் தவம் கிடந்தவர்களும் என் கட்சியில் சேர்ந்துகொள்ளலாம்.

பட்டன் எங்கே?

உலு யாமிலிருந்து ஒரு செம்பனைத் தோட்டக் குத்தகைக்காரர் புத்தம்புது வண்டியோடு வந்தார். ஹை-லோதான் வேண்டும், வேறு எதுவும் வேண்டாம் என்று ஒற்றைக் காலில் நின்றார். காலையில் கை வைத்து, சாப்பாட்டு நேரத்துக்குள் நான்கையும் மாட்டி வண்டியைத் தரையில் இறக்கிவிட்டேன். உள்ளே ஏறி உட்கார்ந்தவர் வெளியே வரவே இல்லை. டேஷ்போர்டைத் தடவுகிறார், ஸ்டீயரிங்குக்குக் கீழே குனிகிறார், ரேடியோவைத் திருகுகிறார். ஏதோ சாமான் தொலைந்துவிட்டது போலிருக்கிறது என்று நானும் கூடச் சேர்ந்து சீட்டுக்கடியில் தேடினேன்.

கடைசியில் பார்த்தால், மனிதர் பட்டனைத் தேடிக்கொண்டிருக்கிறார். ஒன்றை அமுக்கினால் வண்டி எழும், இன்னொன்றை அமுக்கினால் உட்காரும் என்று எதிலோ வீடியோ பார்த்திருக்கிறார். நான் கொக்கி ஸ்பேனரை அவர் கையில் கொடுத்து, ஜேக்கி போட்டுத் தூக்க வேண்டும், பூட்டு வளையத்தைத் தளர்த்த வேண்டும், நான்கு பக்கமும் அளந்து அளந்து திருக வேண்டும் என்று விளக்கினேன். அவர் ஸ்பேனரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ஹைன்னு சொன்னீங்க, லோன்னு சொன்னீங்க. நடுவுல ஸ்பேனர் இருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லலியே லா!"

செவ்வாய், வியாழன், சனி

அதற்கு அடுத்த வாரம் சரசு அக்கா வந்தார். பழைய சின்ன ஃபோர்வீல், அவரே ஓட்டி வந்தார். பெஞ்சில் இருந்த ஆண்கள் எல்லாம் ஒதுங்கி இடம் விட்டும் உட்காரவில்லை. அவர் கணவர் மாரி அண்ணன் எஸ்டேட்டில் டிராக்டர் ஓட்டியவர். இனிப்பு நீர் என்கிற சர்க்கரை வியாதி வந்து, சிறுநீரகம் கெட்டு, இப்போது வாரத்தில் மூன்று நாள் டவுனுக்குப் போய் மெஷினில் ரத்தம் சுத்தம் செய்துகொள்கிறார். அவர்கள் குடியிருக்கும் எஸ்டேட் லயத்திலிருந்து பெரிய ரோட்டுக்கு வரும் செம்மண் பாதை, செம்பனைக்குலை லோரிகள் ஓடி ஓடி முழுக்கப் பள்ளம். வண்டி அடி தட்டத் தட்ட அவருக்கு இடுப்பே விட்டுப்போகிறதாம். வலி தாங்காமல், இனி மெஷினுக்குப் போகவே மாட்டேன் என்று சொல்ல ஆரம்பித்துவிட்டார். போகாவிட்டால் என்ன ஆகும் என்று அக்கா சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை, என் சொந்த மாமா அந்த மெஷினில் படுத்தவர், எனக்குத் தெரியும்.

குனிந்து பார்த்தேன். நான்கு அப்சார்பரும் எண்ணெய் ஒழுகிச் செத்துக் கிடந்தன. பானெட்டை ஒரு தடவை அமுக்கினால் வண்டி தொட்டில் மாதிரி ஆடிக்கொண்டே இருந்தது. ஹை-லோ போட்டு இரண்டு இன்ச் ஏற்றிவிடுகிறேன், அப்புறம் அடி தட்டவே தட்டாது என்று அடித்துச் சொன்னேன். அக்கா இன்ச் கணக்கெல்லாம் கேட்கவில்லை. "ரோட்ட என்னால மாத்த முடியாது தம்பி. வண்டியையாவது மாத்திக் குடு. அவரு போவணும்."

மீன் இருக்கும்போது ஒரு ரோடு

அக்கா வண்டியை முடித்து அனுப்பியது புதன்கிழமை. அன்றைக்கே காசிம் பாய் வண்டியும் முடிந்தது. பாய்க்குக் கோல சிலாங்கூரில் சாப்பாட்டுக் கடை. விடியுமுன் சுங்கை செம்பிலாங் போய் மீன் வாங்கி, பின் சீட்டைக் கழற்றிய ஃபோர்வீலில் ஐஸ் பெட்டிகளை அடுக்கிக்கொண்டு வருவார். பாரத்தில் பின்பக்கம் உட்கார்ந்துவிடுகிறது என்பது அவர் புகார். அன்று பெட்டிகளோடுதான் வந்திருந்தார். நானும் பெட்டிகளோடு அளந்து, பின்பக்கத்தை உயர்த்தி, தண்ணீர் மட்டம் மாதிரி சமமாக நிறுத்தி, என் வேலையை நானே ரசித்துக்கொண்டு அனுப்பினேன்.

மறுநாள் காலை பத்து மணிக்கு மீனோடு பெங்கல் வாசலில் நிற்கிறார். முகத்தில் சிரிப்பு இல்லை. காலி வண்டியில் பாரமில்லாமல் பின்பக்கம் தூக்கிக்கொண்டு, முன்பக்கம் தரையை முகர்ந்துகொண்டு, விளக்கு வெளிச்சம் மூக்குக்கு முன்னால் நாலடியிலேயே விழுந்திருக்கிறது. "மீனோட வரும்போது ரோடு ஜோராத் தெரியுது தம்பி. மீன் வாங்கப் போறப்பதான் தெரியல. மொதல்ல போனாத்தானே வர முடியும்?"

படி

பாய்க்குச் சரிசெய்து கொடுத்துக் கையைத் துடைக்கிறேன், சரசு அக்காவின் வண்டி உள்ளே வருகிறது. வியாழக்கிழமை, மெஷின் நாள். பக்கத்து சீட்டில் அண்ணன் இல்லை. வண்டி உயரமாகிவிட்டதால் அவரால் ஏற முடியவில்லை, இன்று போகவில்லை என்றார் அக்கா. ரோட்டில் இடிக்காமல் போக வழி செய்து கொடுத்து, ஏறவே முடியாமல் செய்திருக்கிறேன்.

என்னோடு வேலை செய்யும் சேகர், கதவுக்குக் கீழே ஒரு படி வைத்தால் போதும் என்றான். உடனே வாங்கி வந்து மாட்டி, அக்காவை இரண்டு தடவை ஏறி இறங்கச் சொல்லிப் பார்த்து அனுப்பினோம். வெள்ளிக்கிழமை காலையில் அக்கா போன் செய்தார். அண்ணனுக்கு வலது முட்டி மடங்காதாம். மடங்காத காலைப் படியில் எப்படி வைப்பது? இதை முன்பே கேட்கத் தோன்றாத நான் ஒரு போர்மன்! சனிக்கிழமையும் தவறினால் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியிருக்கும் என்று எனக்குப் பயம் வந்துவிட்டது. அவரை எப்படியாவது ஏற்ற முடியாதா என்று கேட்டேன். "நான் தூக்கினா ஏறிடுவாரு தம்பி. இப்பல்லாம் தூக்க விட மாட்டேங்கிறாரு."

கட்டில்

ஜேக்கியையும் ஸ்பேனரையும் என் காரில் போட்டுக்கொண்டு லயத்துக்குப் போனேன். வரிசையில் மூன்றாவது வீடு. மழைக்காலத்தில் தண்ணீர் உள்ளே வரும் என்பதால் கட்டிலின் கால்களைச் சிமெண்டுக் கட்டைகள்மேல் ஏற்றி வைத்திருந்தார்கள். மாரி அண்ணன் கழியூன்றி வந்தார். கட்டிலுக்கு முதுகைக் காட்டி நின்றார், அப்படியே உட்கார்ந்தார், மடங்காத காலை இரண்டு கையாலும் தூக்கி மேலே போட்டுக்கொண்டார். ஒருவரும் தொடவில்லை. நான் டேப்பை எடுத்துக் கட்டிலை அளந்தேன், இருபத்தாறரை இன்ச். வெளியே போய் வண்டிச் சீட்டை அளந்தேன், இருபத்தொன்பது. இத்தனை வருஷமாக வண்டியை மட்டும் அளந்துகொண்டிருந்ததை நினைத்து எனக்கு உண்மையிலேயே வெட்கமாக இருந்தது.

இரண்டரை இன்ச் இறக்கித் தருகிறேன் அண்ணே, கட்டிலில் உட்காருகிற மாதிரியே உட்காரலாம் என்றேன். அக்கா டீ போட உள்ளே போன பிறகுதான் அண்ணன் வாயைத் திறந்தார். "முட்டி மடங்கல, அது ஒரு பக்கம். அவ என்னைக் கொழந்தையத் தூக்குற மாதிரி தூக்குறா, லயமே வாசல்ல நின்னு பாக்குது. அதுக்கு நான் இங்கயே கெடந்துடுறேன் தம்பி."

சனிக்கிழமை

வெள்ளிக்கிழமையே வீட்டு வாசலில் வண்டியை ஜேக்கி போட்டுத் தூக்கி, நான்கு வளையத்தையும் கீழே திருகினேன். அண்ணன் நாற்காலியில் உட்கார்ந்து, டிராக்டர்க்காரர் கண்ணோடு ஒவ்வொரு சுற்றையும் எண்ணினார். அப்சார்பர் தலையிலுள்ள திருகைப் பஞ்சு மாதிரி மென்மைக்கு வைத்தேன். பிறகு இரண்டு உர மூட்டையைச் சீட்டில் போட்டுக்கொண்டு செம்மண் பாதையில் பெரிய ரோடுவரை போய் வந்தேன். அண்ணன் சொன்னபடி பாரிட் வாய்க்கால் ஓரமாகவே ஓட்டினேன். ஒரு இடத்தில்கூட அடி தட்டவில்லை. செத்த அப்சார்பரை மாற்றியதிலேயே இடி நின்றிருக்கும், இரண்டு இன்ச் உயரம் என் வழக்கமான சரக்கு என்பதை அக்காவிடம் ஒப்புக்கொண்டேன். அவர் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். இன்னொரு டீ கொடுத்தார்.

மறுநாள் காலை, வளையம் தளர்ந்திருக்கிறதா என்று பார்க்க வந்ததாகப் பொய் சொல்லிக்கொண்டு போய் நின்றேன். வரிசை வீடுகளில் நாலைந்து பேர் வாசலுக்கு வந்துவிட்டார்கள். அண்ணன் கழியூன்றி வந்து, வண்டிக்கு முதுகைக் காட்டி நின்றார். பழக்கத்தில் அக்காவின் இரண்டு கையும் முன்னால் போய்விட்டன. அவர் அந்தக் கைகளைப் பார்க்காமல் சீட்டில் உட்கார்ந்தார், காலை எடுத்து உள்ளே வைத்தார், பெல்ட்டை இழுத்து மாட்டினார். அண்ணன் கதவைச் சாத்திவிட்டு ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, லயம் முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னார்: "நான் ஏறியாச்சு. நீ ஏன் இன்னும் கைய நீட்டிக்கிட்டு நிக்கிற? வந்து வண்டிய எடு, நேரமாவுது!"

என்னைத் தேடி வருகிற எல்லாரும் வண்டியை ஏற்றத்தான் வருகிறார்கள், ஆனால் நீ ஒழுங்காகச் செய்த வேலை எது என்று யாராவது கேட்டால் இரண்டரை இன்ச் இறக்கியதைத்தான் நான் சொல்ல வேண்டியிருக்கும்.