ஒரு பக்கமே சாய்ந்த விமானம்

மூன்று வருடங்களுக்கு முன், ஆயுத பூஜைக்கு மறுநாள் காலை. ஒரு சிறிய ஜெட் விமானத்தைச் சென்னையிலிருந்து மதுரைக்கு ஓட்டி வந்தேன். எனக்குச் சொந்த ஊர் பரளச்சி. விமானத்தின் முதலாளி அருப்புக்கோட்டைக்காரர். அவரை அண்ணாச்சி என்றும் அவர் மனைவியை அக்கா என்றும்தான் கூப்பிடுவேன். திருச்சுழிப் பக்கம் இருக்கும் குலதெய்வத்துக்குப் பொங்கல் வைக்க இருவரும் கிளம்பியிருந்தார்கள்.

முந்தின நாள் விமானத்துக்கும் பூஜை நடந்தது. சந்தனம், குங்குமம், மாலை, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் என்று லாரிக்குச் செய்கிற எதையும் அக்கா குறைக்கவில்லை. காலையில் நானும் துணை விமானியும் சுற்றி வந்து, பூ, நூல் எல்லாவற்றையும் எடுத்துப்போட்டு, ஒவ்வொரு பாகத்தையும் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் ஏறினோம்.

மதுரை ஓடுபாதையைப் பிடிக்க இடது பக்கம் திரும்பினேன். திரும்பி முடித்து நேராக்கப் பார்த்தால், கையிலிருந்த ஸ்டீயரிங் சக்கரம் திரும்ப வரவில்லை. இறக்கைகளின் பின் ஓரத்தில் சிறு மடல்கள் உண்டு. அவை அசைந்தால்தான் விமானம் சாயும், நிமிரும். அதில் ஒன்று பிடித்துக்கொண்டது. துணை விமானியும் சேர்ந்து திருப்பினார், அசையவில்லை. விமானம் சாய்ந்துகொண்டே போனது.

வலது காலால், வாலில் இருக்கும் சுக்கானைத் திருப்பும் கட்டையை மிதித்து, இடது இன்ஜினுக்கு மட்டும் வேகத்தைக் கூட்டினேன். மெல்ல நிமிர்ந்தது. காலைத் தளர்த்தினால் மறுபடி சாய்ந்தது. இந்த லட்சணத்தில் உடனே இறங்கினால் இறக்கை தரையில் இடித்து எல்லோரும் போய்ச் சேர வேண்டியதுதான். கொஞ்ச நேரம் மேலேயே ஓட்டிப் பழகிப் பார்க்க வேண்டும். கட்டுப்பாட்டு அறைக்குச் சொல்லிவிட்டு, வீடுகள் குறைவான தெற்குப் பக்கம் போனேன்.

தெற்கே என்றால் எங்கள் ஊர்ப் பக்கம்தான். உழுது போட்ட கரிசல், வற்றிய கண்மாய், மறுபடி கரிசல். விழுந்தாலும் யார் தலையிலும் விழக்கூடாது என்றுதான் அங்கே போனேன். அது விதைப்பு நேரம், என் அம்மாவும் கரிசல் காட்டில்தான் நிற்பார் என்பது அப்புறம்தான் உறைத்தது. அதற்குப் பிறகு கீழே பார்க்கவில்லை.

அண்ணாச்சி பின்னாலிருந்து, ஏன் ஊரையே சுற்றுகிறோம் என்று கேட்டார்.

"இறக்கை ஒண்ணு சொன்ன பேச்சு கேக்க மாட்டேங்குது அண்ணாச்சி. ரெண்டு பேரும் பெல்ட்டை இறுக்கிக்கங்க" என்றேன்.

"நீங்க உங்க வேலையைப் பாருங்க தம்பி. அவகிட்ட நான் சொல்லிக்கிறேன்" என்றார்.

காலும் இன்ஜினும் ஒத்துப் போகும் வேகத்தைக் கண்டுபிடித்தோம். அந்த வேகத்திலேயே இறங்க முடிவு செய்தேன். துணை விமானி வேகத்தைச் சொல்லிக்கொண்டே வந்தார். ஓடுபாதை பக்கத்தில் வர வர, இடது இறக்கை மட்டும் தரையைத் தேடிக்கொண்டு போவது போல் இருந்தது. கடைசியில் மூச்சைப் பிடித்துக்கொண்டு மிதித்தேன். இடது சக்கரம் படாரென்று தட்டியது. பிறகு வலது. விமானம் நின்றபோது காலை எடுக்கவே எனக்குப் பயமாக இருந்தது.

இறங்கிப் பார்த்தோம். மடலின் இடுக்கில் ஒரு மஞ்சள் துணி முடிச்சு. உள்ளே காய்ந்து கல்லாகிப்போன எலுமிச்சம்பழம், இரண்டாகப் பிளந்திருந்தது. திரும்பும்போது மடல் தூக்கிக்கொள்ள, அது உள்ளே நழுவிச் சிக்கியிருக்கிறது.

அக்கா அதை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். போன தடவை குலதெய்வக் கோயிலில் கொடுத்த பழமாம். நாங்கள் சுற்றிப் பார்த்து முடித்த பிறகு, ஏறும்போது வைத்திருக்கிறார். "நமக்கு வர இருந்ததை இது வாங்கிக்கிருச்சு தம்பி. இல்லைன்னா இவுகளும் நானும் என்ன ஆயிருப்போம்?"

பேசாமல் விட்டுவிடலாம் என்றுதான் முதலில் தோன்றியது. ஆனால் அடுத்த பயணத்திலும் வைப்பாரே. "அக்கா, இந்தப் பழந்தான் மடலைப் பிடிச்சிருச்சு" என்றேன்.

அவர் முகம் வெளுத்துவிட்டது. "கீழ விழுந்தா அபசகுனம்னுதான் இடுக்குல நல்லா செருகினேன்" என்றார். அண்ணாச்சி அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

அடுத்த முறை கிளம்பும்போது அக்கா ஒரு பழத்தை என் கையில் கொடுத்து, "எங்க வைக்கலாம்னு நீங்களே சொல்லுங்க தம்பி" என்றார். சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். இன்றும் எல்லோரும் ஏறிய பிறகு நான் ஒருமுறை இறங்கி விமானத்தைச் சுற்றி வருகிறேன். நம் மேல் பிரியம் வைத்தவர்கள் எந்த இடுக்கில் எதை வைத்திருப்பார்கள் என்று சொல்ல முடியாது.