மணி அடிக்காதீங்க, மாடு நிக்குது!

விருந்தாளிகளைச் சைக்கிளில் ஊர் சுற்றிக் காட்டுகிற தொழிலில் மிதிப்பது கால் பங்கு, மீதி முக்கால் பங்கும் கத்துவதுதான். கல்யாண வேனில் சொந்தக்காரர்களைத் தலை எண்ணி ஏற்றியவர்கள், எல்.கே.ஜி. பிள்ளைகளை ரோடு தாண்ட வைத்தவர்கள் எல்லாரும் நம்ம கட்சி. உங்களுக்குச் சொன்னால் புரியும்.

காரைக்காலில் ஒரு சின்ன விடுதியில் படுக்கை விரிப்பு மடித்துக்கொண்டிருந்தவள் நான். "இந்தப் பக்கத்துச் சந்து பொந்தெல்லாம் எனக்கு அத்துப்படிக்கா" என்று முதலாளி அக்காவை நச்சரித்து, சைக்கிள் வரிசைக்கு முன்னால் போகிற வேலையை வாங்கினேன். அக்கா ஒரே ஒரு நிபந்தனை போட்டார். இந்த சீசனில் ஒரு விருந்தாளி கீழே விழுந்தாலும் நான் திரும்ப விரிப்பு மடிக்கப் போய்விட வேண்டும். வீட்டில் மூன்று வயது மகளைக் குளியலறைக்குள் வழுக்காமல் கொண்டுபோகவே எனக்குத் திணறல். ஆனாலும் தலையை ஆட்டிவிட்டேன்!

கயிறு

வரிச்சிக்குடி வயல் ரோட்டில் முளைக்குச்சி வலது ஓரத்தில் இருக்கும், மாடு இடது ஓரத்தில் மேயும், நடுவில் ரோட்டின் குறுக்கே கயிறு கிடக்கும். தரையில் கிடக்கிற வரைக்கும் கயிற்றால் ஆபத்தில்லை. மாடு மிரண்டால்தான் விறைத்து எழும்பும். "மாட்டைப் பார்த்தா எதிர் ஓரத்துல முளையைத் தேடுங்க, மணி மட்டும் அடிக்காதீங்க" என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தேன்.

சென்னையிலிருந்து வந்த ஒரு சார் மரியாதையாக மணி அடித்தார். மாடு துள்ளியது, கயிறு அவர் நெஞ்சு உயரத்துக்கு வந்து நின்றது. "பிரேக்!" என்று நான் போட்ட சத்தத்தில் அவரும் நின்றார், பின்னால் வந்த ஏழு பேரும் நின்றார்கள். விழவில்லை! மாட்டுக்காரர் வரப்பில் இருந்தபடியே கேட்டார்: "அது பாட்டுக்குத் தின்னுக்கிட்டு இருந்துச்சு, நீங்க ஏன் சார் மணியடிச்சுக் கூப்புட்டீங்க?"

கருவாடு

மண்டபத்தூரில் ஒரு தம்பி ஆசையாகக் கருவாடு வாங்கி, கேரியரில் கட்டிக்கொண்டார். நான் கவனிக்கவில்லை, தப்பு என்னுடையதுதான். தெருமுனை தாண்டுவதற்குள் நான்கு நாய்கள் பின்னால். நாய் துரத்தினால் இறங்கி, நாய்க்கும் நமக்கும் நடுவில் சைக்கிளை வைத்துக்கொண்டு நடக்க வேண்டும். இவரோ எழுந்து நின்று மிதிக்கிறார்; மணலில் சக்கரம் நெளிகிறது. எனக்கு விடுதியின் விரிப்பெல்லாம் கண்ணுக்குள் வந்து போனது.

விரட்டிப் போய்ப் பக்கத்தில் உரசினாற்போல ஓட்டி, "காலை ஊனுங்க தம்பி!" என்று அலறினேன். ஊன்றினார். கருவாடு விற்ற அம்மா கூடையோடு ஓடி வந்து நாய்களை விரட்டிவிட்டுச் சொன்னார்: "அது ஒன்னையத் தொரத்தல தம்பி, கருவாட்டத் தொரத்துது. நீ எறங்கிக்க, கருவாடு வேணா போவட்டும்."

பயறு

பங்குனியில் எங்கள் ரோடெல்லாம் களம். பயத்தங்கொடியைப் பரப்பிவிடுவார்கள், பஸ்ஸும் லாரியும் ஏறி ஏறிப் பயறு உதிரும். சைக்கிளுக்கு அது சோப்பு நுரை மாதிரி. பிரேக் போட்டால் தீர்ந்தது. எட்டுப் பேரையும் இறக்கி, ஓரமாகத் தள்ளிக்கொண்டு போகச் சொன்னேன். பத்திரமாகக் கடந்துவிட்ட பெருமையில் நான் திரும்பிப் பார்த்தால், கொடிக்குச் சொந்தக்கார அக்கா இடுப்பில் கை வைத்து நிற்கிறார்: "ஒசந்த சைக்கிளா எட்டு வருதேன்னு சந்தோசப்பட்டேன், ஒருத்தராச்சும் கொடி மேல ஏறுனீங்களாடி?"

வைக்கோல்

சீசனின் கடைசி நாள், அம்பகரத்தூர் ரோடு. எதிரே வைக்கோல் ஏற்றிய டிராக்டர், ரோட்டை விட அகலமாக வருகிறது. பின்னால் பஸ் ஹாரன். கையைத் தூக்கினேன். "எல்லாரும் இடது பக்கம் எறங்குங்க! புல்லுக்கு அடியில வாய்க்கால் கரை சரியும், காலால தடவிப் பார்த்துட்டு நில்லுங்க!" எட்டுப் பேரும் தடவிப் பார்த்து, சுவரொட்டி மாதிரி வரிசையாக நின்றார்கள். எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. ஒன்று, இரண்டு என்று தலை எண்ணிக்கொண்டே பின்னால் ஓர் அடி வைத்தேன்.

தடவிப் பார்க்காத ஒரே ஆள் நான்தான். சைக்கிளோடு வாய்க்காலுக்குள் முழங்கால் தண்ணீரில் உட்கார்ந்திருந்தேன்! எட்டுப் பேரும் கை கொடுக்கக் குனிய, "யாரும் கிட்ட வராதீங்க, சரியும்!" என்று உள்ளிருந்தே கத்தினேன். கடைசி நாளாச்சே என்று பின்னாலேயே வேனில் வந்திருந்த முதலாளி அக்கா இறங்கி எட்டிப் பார்த்தார். சேறு வழிய, என் சீட்டு கிழிந்தது என்று நினைத்துக்கொண்டு நிமிர்ந்தேன். அக்கா விருந்தாளிகளை ஒரு தடவை எண்ணினார், என்னை ஒரு தடவை பார்த்தார்: "நிபந்தனை விருந்தாளிக்குத்தான்டி. எந்திரி, அடுத்த சீசனுக்கும் நீதான் முன்னாடி."

எட்டுப் பேரை நிற்க வைக்கத் தெரிந்தால் இந்தத் தொழிலில் போதுமாம். நாம் நிற்பதெல்லாம் தகுதிப் பட்டியலிலேயே இல்லை.